பதினொன்று வரை திருகலாம்: ‘திஸ் இஸ் ஸ்பைனல் டாப்’

ராப் ரெய்னர் இயக்கி 1984இல் வெளிவந்த இந்தப் படத்தை முதன்முதலில் பார்க்கிறவர்கள், இப்படி ஓர் ஆங்கிலேய ராக் குழு உண்மையாகவே இருந்ததோ என்று சற்று நேரமாவது ஏமாறக்கூடும். ‘ஸ்பைனல் டாப்’ என்ற, மவுசு குறைந்துபோன கற்பனைக் குழு ஒன்று அமெரிக்காவில் ஊர் ஊராகக் கச்சேரி செய்வதை, ஆவணப்பட இயக்குநர் ஒருவர் கூடவே சென்று பதிவு செய்வதாகப் பாவனை. வசனங்களில் பெரும்பகுதி நடிகர்கள் அந்தந்த நேரத்தில் தாமாகப் பேசியவை. வாத்தியங்களை வாசிப்பவர்களும் அவர்களே. பாடல்கள் மோசமாக இல்லை என்பதுதான் படத்தின் சூட்சுமம். வாசிக்கத் தெரியாதவரை எவரும் கேலி செய்துவிடலாம். ஓரளவு நன்றாகவே வாசித்து, அதை வைத்துத் தம்மை மேதை என்று நம்பிவிட்டவரைக் கேலி செய்வதற்குக் கை நிதானம் வேண்டும்.

அந்த நிதானம் கிறிஸ்டோபர் கெஸ்ட் நடித்த கிதார் கலைஞர் நைஜலிடம் முழுமையாகத் தெரிகிறது. தன் ஆம்ப்ளிஃபையரின் திருகுகளில் பத்துக்குப் பதிலாகப் பதினொன்று வரை எண்கள் இருப்பதை அவர் பெருமையோடு காட்டுகிறார். பத்தையே இன்னும் சத்தமாக அமைத்துவிடலாமே என்று ஆவணப்பட இயக்குநர் கேட்டதும், அவர் முகம் சில நொடிகள் வெறுமையாகி, பிறகு “இது பதினொன்று வரை போகும்” என்ற பழைய பதிலுக்கே திரும்புகிறது. இன்னொரு காட்சியில் பியானோவின் முன் அமர்ந்து, சுர வரிசைகளிலேயே மிகச் சோகமானது டி மைனர்தான் என்று விளக்கியபடி, மோட்ஸார்ட்டையும் பாக்கையும் துணைக்கு அழைத்து உருக்கமாக வாசிக்கிறார். அந்த இசைக்கு அவர் வைத்திருக்கும் தலைப்பு இங்கே எழுதத் தக்கதன்று.

இசை வணிகத்தையும் படம் விட்டுவைக்கவில்லை. இசைத்தட்டுக் கடையில் கையெழுத்திட அமர்ந்தால் ஈ காக்கை வருவதில்லை. விளம்பரப் பொறுப்பாளர் தன்னை உதைக்கச் சொல்லிக் குனிந்து நிற்கிறார். பொழுதுபோக்குப் பூங்காவின் அறிவிப்புப் பலகையில் பொம்மலாட்டத்துக்குக் கீழேதான் குழுவின் பெயர் இருக்கிறது. கைதுடைக்கும் காகிதத்தில் வரைந்த படத்தில் அடியைக் குறிக்கும் ஒற்றைக் கோட்டுக்குப் பதில் அங்குலத்தைக் குறிக்கும் இரட்டைக் கோடு விழுந்துவிட, மேடையை நிறைத்திருக்க வேண்டிய 18 அடிக் கற்றூண், 18 அங்குலத்தில் கயிற்றில் இறங்கி வரும் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். பாடகரின் காதலி ஜோதிடக் கட்டங்களை வைத்துக் குழுவை நிர்வகிக்க வரும் பகுதி, நண்பர்களுக்கு நடுவே பெண் வந்ததால் எல்லாம் கெட்டது என்ற பழைய பல்லவியைத் தாண்டுவதில்லை.

பிற்காலத்தில் இந்தக் கேலி அதை உருவாக்கியவர்கள் மீதே திரும்பியது. படத்தில் நடித்த ஹாரி ஷியரர் 2016இல் வழக்குத் தொடர்ந்தார். 1984 முதல் 2006 வரை உலகெங்கும் விற்ற படம் சார்ந்த பொருட்களுக்காகப் படைப்பாளிகள் நால்வருக்கும் சேர்த்துக் கணக்கில் காட்டப்பட்ட பங்கு வெறும் 81 டாலர் என்பது அவர் தரப்பின் புகார். இப்படி ஒரு காட்சியைப் படத்திலேயே வைத்திருந்தால் மிகை என்றிருப்பேன்.

படம் 82 நிமிடம்தான். இறுதியில் பெயர்கள் ஓடும்போது எழுந்துவிட வேண்டாம். ராக் இசை இல்லையென்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்கப்படும் நைஜல், தொப்பிக் கடையில் விற்பனையாளராகலாம் என்று யோசித்து, வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல நடித்தும் காட்டிவிட்டு, வேலை நேரம் எப்படி என்று அக்கறையாக விசாரிக்கிறார்.