சமையலறையும் கடற்கரையும்

ஜப்பானின் 'கினோ நானி தபேத்தா?' (2019) தொடரில் வழக்கறிஞர் ஷிரோ மாதச் சாப்பாட்டுச் செலவை 25,000 யென்னுக்குள் அடக்கப் பார்ப்பவர். அலுவலகத்தில் தன் ஆண் துணையான கென்ஜியைப் பற்றி வாயே திறக்கமாட்டார். முடிதிருத்துநரான கென்ஜியோ வாடிக்கையாளரிடம் ஷிரோவைப் பற்றிப் பேசிவிடுகிறார். வீட்டில் சண்டை. கூட வாழ்பவரைப் பற்றித் தான் மட்டும் ஏன் பேசக்கூடாது என்று கென்ஜி கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. கடைசியில் புத்தாண்டுக்கு ஷிரோவின் பெற்றோர் வீட்டுக்குப் போகிறாரே, அந்தப் பதற்றம் அப்படியே நிஜம்.

தாய்லாந்தின் 'ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ' (2020) வேறு வயது: புக்கெட்டில் சேர்ந்து சீன மொழி படிக்கும் இரு மாணவர்களுக்குள் மலரும் காதல். அவர்களில் தே என்பவனின் குழப்பமும் பொறாமையும் பொய்யில்லை. ஆனால் காட்சிகளின் அழகு சில நேரம் வலியை மறைத்துவிடுகிறது.

முதலில் பார்க்க ஷிரோ வீட்டையே சொல்வேன். காதல் கைகூடிய பிறகு வரும் சாதாரண நாள்கள் அங்கேதான் இருக்கின்றன.