டிராக்டர் ஸ்டார்ட் ஆகலையா? கட்டி இழுப்பதா, கேபிள் போடுவதா, ஏர் எடுப்பதா

ஸ்டார்ட் ஆகாத டிராக்டரைச் சுற்றி நாலு பேர் கூடினால் நாலு யோசனை வரும். ஒருவர் இன்னொரு வண்டியில் கட்டி இழுக்கச் சொல்வார். ஒருவர் பக்கத்து வண்டி பேட்டரியில் இருந்து கேபிள் போடச் சொல்வார். ஒருவர் ஏர் எடுக்க, அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஸ்பேனரோடு டீசல் பில்டரில் கை வைப்பார். இன்னொருவர் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு செல்ஃப் மோட்டார் பக்கம் குனிவார். இந்த நாலாவது ஆளை முதலில் நிறுத்துங்கள், காரணம் கீழே வருகிறது. மற்ற மூன்றும் சரியான வழிகள்தான். ஆனால் ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யாது.

எதை எடுப்பது என்பதைச் சாவி திருப்பும்போது கேட்கும் சத்தம் சொல்லிவிடும். இஞ்சின் சுற்றவே இல்லை, அல்லது முக்கி முனகிச் சுற்றுகிறது என்றால் கோளாறு கரண்ட் பக்கம். நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெரும்பாலும் டீசல் பக்கம். டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. உள்ளே வந்த காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கும்போது பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவரோடு போய்விடும், காற்றும் ரிங் வழியே கசிந்துவிடும். அதனால் சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, போதிய வேகத்தில் சுற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கட்டி இழுப்பதும் கேபிள் போடுவதும்

கட்டி இழுக்கக் காசு வேண்டாம், கருவி வேண்டாம், கிராமத்தில் இன்னொரு டிராக்டர் எப்போதும் கிடைக்கும். உயர் கியரில் போட்டு, கிளட்சை மிதித்து, வண்டி ஓட்டம் பிடித்ததும் கிளட்சை மெதுவாக விட்டால் இஞ்சின் செல்ஃபைவிட வேகமாகச் சுற்றும், சட்டென்று பற்றும். இந்த வேகமே அதன் பலம், அதுவே பலவீனமும். பேட்டரி செத்திருந்தாலும், எர்த் கேபிள் துருவேறியிருந்தாலும், கம்ப்ரஷன் (காற்றை நசுக்கும் அழுத்தம்) இறங்கியிருந்தாலும் இழுத்தால் ஓடிவிடும். கோளாறு அப்படியே இருக்கும். மறுநாளும் கயிறு தேட வேண்டும்.

ஆபத்தும் உண்டு. பின்னால் வரும் வண்டி திடீரென்று பற்றி முன்னே பாயும், கிளட்சில் கால் தயாராக இல்லையென்றால் முன் வண்டியில் போய் இடிக்கும். கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி வரும், யாரும் அருகில் நிற்கக் கூடாது. பவர் ஸ்டீயரிங் வண்டி என்றால் இஞ்சின் ஓடாதவரை ஸ்டீயரிங் கல்லாக இருக்கும். அப்புறம், எல்லா வண்டியும் இதற்கு ஒத்துவராது. எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் வண்டியை இழுத்தாலும் இஞ்சின் சுற்றாது. டீசலை மின்சார வால்வு திறந்துவிடும் வண்டியில் பேட்டரி முழுக்க இறங்கியிருந்தால் எத்தனை தூரம் இழுத்தாலும் பற்றாது.

கேபிள் போடுவது கொஞ்சம் நிதானம் கேட்கும். சிவப்பை முதலில் செத்த பேட்டரியின் பாசிட்டிவில், அடுத்து நல்ல பேட்டரியின் பாசிட்டிவில் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, கடைசி முனையை நம் வண்டியின் இஞ்சின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி மாட்டுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி வரும். பேட்டரியில் இருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அந்தப் பொறி பேட்டரி மேல் விழக் கூடாது. கழற்றும்போது இதற்கு நேர் எதிர் வரிசை. லாரியில் இருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்: அதில் 2 பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். லாரி இஞ்சினை நிறுத்திவிட்டு, சேஸிஸோடு நெகட்டிவ் இணைந்திருக்கும் ஒரே பேட்டரியின் இரண்டு முனையில் மட்டும் எடுங்கள். 24 வோல்ட்டும் நம் 12 வோல்ட் வண்டிக்குள் போனால் விளக்கு, மீட்டர், ஆல்டர்னேட்டர் எதற்கும் உத்தரவாதம் இல்லை.

நான் கேபிளுக்கே முதலிடம் கொடுப்பேன், ஏனென்றால் அது கோளாறையும் காட்டிக்கொடுக்கும். நல்ல பேட்டரி சேர்ந்த பிறகும் செல்ஃப் முனகினால் குற்றம் பேட்டரியில் இல்லை. கேபிளிலோ, எர்த்திலோ, செல்ஃப் மோட்டாரிலோ இருக்கிறது. சில நொடி செல்ஃப் அடித்த கையோடு ஒவ்வொரு கேபிள் மூட்டாகத் தொட்டுப் பாருங்கள். எந்த மூட்டு சுடுகிறதோ அங்கேதான் கரண்ட் விரயமாகிறது. டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், நெகட்டிவை முதலில் கழற்றி, வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டி, மேலே வாசலின் பூசுங்கள். பளபளவென்று இருக்கும் கிளாம்புக்கு உள்ளேகூட சாம்பல் நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருக்கும். அது ஒன்றே செல்ஃபை நிறுத்தப் போதும். புது பேட்டரி வாங்கியும் அதே முனகல் கேட்கிறவர்களில் பலர் இந்தப் படலத்தைத்தான் பார்க்காமல் விட்டிருப்பார்கள்.

மீட்டர் இருந்தால் இன்னும் சுலபம். ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம். மீட்டர் இல்லையா, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் செத்துப்போனால் பேட்டரி அல்லது டெர்மினல். வெளிச்சம் குறையாமல் செல்ஃப் மட்டும் பேசாமல் இருந்தால் செல்ஃபுக்குக் கரண்ட் விடும் சொலினாய்டு, சாவி சுவிட்ச், அல்லது கிளட்ச், கியர், பிடிஓ (கருவிகளைச் சுழற்றும் தண்டு) பக்கம் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்.

செல்ஃபில் ஷார்ட் அடிப்பது வேண்டவே வேண்டாம்

இங்கேதான் அந்த ஸ்குரூ டிரைவர் ஆள் வருகிறார். செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையை இரும்பால் இணைத்தால் செல்ஃப் சுற்றும், உண்மைதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு சுவிட்ச் சாவியின் வயரில்தான் இருக்கிறது, ஷார்ட் அடித்தால் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். வண்டி கியரில் இருந்தால் இஞ்சின் பற்றிய நொடியே நகரும். ஷார்ட் அடிப்பவர் நிற்பது பெரிய டயருக்கு நேர் முன்னால். டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கலாக இருக்கும் பழைய வண்டிகளில் சாவி ஆஃபில் இருந்தாலும் இஞ்சின் பற்றும். பல நாடுகளில் டிராக்டர் சாவுகளுக்கு இது தெரிந்த காரணம். அவசரம், மழை வருகிறது, ஆள் காத்திருக்கிறது என்று எதைச் சொன்னாலும் இதைச் செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். சுவிட்ச் மாற்ற ஆகும் செலவு மிகக் குறைவு.

நன்றாகச் சுற்றுகிறது, பற்றவில்லை

இப்போது சைலன்சரைப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது துளிப் புகையும் இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, பற்றவில்லை.

புகையே இல்லாதபோது இரண்டு வழி எடுக்கிறார்கள். ஒன்று, பற்றும்வரை செல்ஃபை அடித்துக்கொண்டே இருப்பது. இன்னொன்று, ஏர் எடுப்பது. முதல் வழியில் டீசல் ஒருவேளை ஏறலாம், அதற்குள் பேட்டரி இறங்கும், செல்ஃப் மோட்டார் சூடேறிக் கருகும். 15 நொடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்கவே கூடாது, நடுவே ஓரிரு நிமிடம் ஆறவிட வேண்டும். ஏர் எடுக்க ஒரு ஸ்பேனரும் பொறுமையும் போதும்.

அதற்கு முன்னால் சும்மா பார்க்க வேண்டியவை: இஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் வயர் முழுக்க உள்ளே போயிருக்கிறதா, பம்பில் அதன் லீவர் திரும்பி வந்திருக்கிறதா, டேங்க் மூடியின் காற்றுத் துளை மண்ணடைத்திருக்கிறதா. பில்டர் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள்.

பில்டரின் மேல் இருக்கும் ஏர் போல்ட்டைத் தளர்த்தி, டேங்கில் இருந்து டீசலை இழுத்துத் தரும் பீட் பம்பின் கை லீவரை அடியுங்கள். நுரை வரும், பிறகு குமிழி குறையும், கடைசியில் தெளிந்த டீசல் வரும். அடித்துக்கொண்டிருக்கும்போதே போல்ட்டை இறுக்குங்கள். இரண்டாவது பில்டர், பிறகு பம்ப் என்று டேங்கில் இருந்து இஞ்சினை நோக்கியே போக வேண்டும். லீவர் அடி விழாமல் தொளதொளவென்று ஆடினால் பீட் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். அதை உள்ளிருந்து தள்ளும் கேம் உயரத்தில் நின்றிருக்கலாம். இஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு அடித்தால் பிடிக்கும். அப்படியும் பற்றவில்லை என்றால், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி செல்ஃப் அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வந்ததும் இறுக்குங்கள். அங்கே கையை நீட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

ஏர் எடுத்தால் ஓடுகிறது, ராத்திரி நின்றால் காலையில் மறுபடியும் அதே கதை என்றால் டேங்குக்கும் பீட் பம்புக்கும் நடுவே எங்கோ காற்று இழுக்கிறது. அந்தப் பக்கம் டீசல் சொட்டாமலே காற்று நுழையும். ஹோஸ் வெடிப்பு, செம்பு வாஷர், பில்டர் சீல் மூன்றையும் பாருங்கள்.

வெள்ளைப் புகைக்கு, ஏர் கிளீனரில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டும் பழக்கம் இருக்கிறது. நேரம் தப்பி வெடித்துப் பிஸ்டனையும் ரிங்கையும் உடைக்கக்கூடியது அது. உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் இருக்கும் வண்டியில் தீயே பிடிக்கும். இதற்குப் பதில் சுற்றும் வேகத்தை முதலில் சரிபாருங்கள். வேகம் சரி, டீசல் லைனில் காற்றும் இல்லை, அப்படியும் வெள்ளைப் புகைதான் என்றால் கோளாறு நாசிலிலோ, டீசல் பீய்ச்சும் டைமிங்கிலோ, கம்ப்ரஷனிலோ இருக்கும். அது பம்ப் கடைக்கும் மெக்கானிக்குக்கும் உரிய வேலை.

இந்தியாவில் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் டிரெம் 4 புகை விதி வந்த பிறகு, எல்லா நாசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயில் இருந்து டீசல் தரும் காமன் ரெயில் இஞ்சின்கள் வயலுக்கு வந்துவிட்டன. அவற்றில் நாசில் பைப் நட்டைத் தொடவே கூடாது, அங்கே அழுத்தம் பழைய பம்பைப்போல் பல மடங்கு. பில்டர்வரை பிரைம் செய்யலாம் (டீசல் ஏற்றிக் காற்றை வெளியேற்றலாம்), அதுவும் கையேட்டில் சொன்ன முறைப்படி. பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் அந்த வண்டியின் கம்ப்யூட்டரே டீசல் விடாது. அதனால் காமன் ரெயில் வண்டி பற்றவில்லை என்றால், புகை இருந்தாலும் இல்லாவிட்டாலும், டெர்மினலில் இருந்தே தொடங்குங்கள்.