மலையில் ஓடியதால் வாரண்டி கிடையாதாம், மலைக்கென்று விற்ற ஷூவுக்கு

ஷூ வாங்குமுன் பெட்டியின் பக்கவாட்டில் விலை ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். நான் அதைச் செய்தது வாங்கி 23 நாள் கழித்து, இடது கணுக்கால் வீங்கிச் சோபாவில் கிடந்தபோது.

கடையின் பெயரைப் போடவில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. கோவையில் ஓடுகிறவர்கள் நிறையப் பேர் போகும் கடை என்பது மட்டும் போதும்.

நான் ஐந்து வருடமாக ரேஸ்கோர்ஸில் ஓடுகிறவள். அங்கே நடைபாதை ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர், சமதளம், கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம். போன வருடம் எங்கள் குழுவில் சிலர் கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டப் பாதைகளில் ஓட ஆரம்பித்தார்கள். எனக்கும் ஆசை. ரோட்டு ஷூவோடு ஒருமுறை போய், பாசி பிடித்த பாறையில் உட்கார்ந்தே இறங்கி வந்தேன். அப்புறம்தான் மலைப் பாதையில் ஓடுவதற்கென்றே விற்கும் டிரெயில் ஷூ வாங்கலாம் என்று 2024 செப்டம்பர் 28, சனிக்கிழமை கடைக்குப் போனேன்.

நல்ல உபசரிப்பு. தண்ணீர் கொடுத்தார்கள். வெறுங்காலோடு ஒரு பலகை மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். திரையில் என் பாதம் சிவப்பும் மஞ்சளுமாக வந்தது.

"மேடம், உங்க பாதம் உள்பக்கமா சாயுது. ஓவர் ப்ரொனேஷன். சப்போர்ட் கண்டிப்பா வேணும்" என்றார் விற்பனைப் பையன். ஐந்து வருடம் முழங்கால் வலி இல்லாமல் ஓடியவள் நான். ஆனால் திரையில் சிவப்பாகத் தெரிந்ததும் பயந்துவிட்டேன். அசையாமல் நிற்கும்போது எடுத்த படம் ஓடும்போது கால் என்ன செய்கிறது என்று சொல்லாது என்பது அப்போது உறைக்கவில்லை. மலைப் பாதையில் இரண்டு அடி ஒன்றுபோல் விழாது. ஒரு அடி கல்லின் மேல், அடுத்தது வேரின் மேல், அதற்கடுத்தது சேற்றில். அங்கே எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்து முட்டுக்கொடுக்க முடியுமா? எப்படியோ, அந்தச் சப்போர்ட் என்ற பெயரில் 2,200 ரூபாய்க்கு ஒரு இன்சோல், அதாவது ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கும் அட்டை, என் தலையில் கட்டப்பட்டது.

பெண்களுக்கான மாடலில் என் அளவு இல்லையாம். ஆண்களுடையதில் 6 கொடுத்தார். "யூகே சைஸ்ல ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர்தான் மேடம்." நம்பர் ஒன்றுதான், அது உண்மை. ஷூவைத் தைக்கும் அச்சு வேறு. பெண்களுக்கான அச்சில் குதிகால் பக்கம் குறுகலாக இருக்கும். போட்டு நடந்தபோதே குதிகால் உள்ளே ஏறி இறங்கியது. லேஸை இறுக்கினால் சரியாகிவிடும் என்றார், இறுக்கினார், நானும் தலையாட்டினேன்.

அடியில் என்ன ரப்பர் என்று கேட்டேன். "வைப்ரம் சோல் மேடம்." இந்தப் பெயரை எல்லாக் கடையிலும் வாயால் சொல்கிறார்கள். 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் ஆறு தோழர்களைப் பறிகொடுத்த விட்டாலே பிரமானி என்ற இத்தாலிய மலையேறி, அதன்பின் மலைக்கென்றே பல் வைத்து வார்த்த ரப்பர் அடிப்பாகம் அது. அவர் பெயரையும் குடும்பப் பெயரையும் வெட்டி ஒட்டினால் வைப்ரம். அந்தச் சோல் போட்ட ஷூவின் அடியில் பொதுவாக மஞ்சள் நிற எண்கோண முத்திரை பதிந்திருக்கும். நான் வாங்கியதில் இல்லை. திருப்பிப் பார்க்க ஒரு நொடிதான் ஆகும், நான் பார்க்கவில்லை.

யோசித்து வருகிறேன் என்றதும் கடைசி அஸ்திரம் வந்தது. "பிஐஎஸ் ரூல் வந்துடுச்சு மேடம், இம்போர்ட் சரக்கு இனி வராது. இதான் கடைசி ஜோடி." பிஐஎஸ் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பு. காலணிகளுக்கான தரக்கட்டுப்பாட்டு உத்தரவு 2024 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது நிஜம்தான். பேப்பரில் படித்திருந்ததால் மீதியையும் நம்பிவிட்டேன். பாதி உண்மையோடு வரும் பொய்யைப் பிடிப்பது கஷ்டம். பெட்டியில் 12,999 ரூபாய், 35 சதவீதம் தள்ளுபடி போக 8,449. இன்சோலோடு 10,649 கட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 20, ஞாயிறு. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் ஆடியில் நனையும், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசியில்தான் நனையும். அன்றும் விடாத தூறல். முதல் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், தொல்லையில்லை. இறக்கம் தொடங்கியதும் பாதம் முன்னால் சறுக்கிப் பெருவிரல் ஷூவின் மூக்கில் முட்ட ஆரம்பித்தது. குதிகால் பிடிக்காத ஷூவில் அப்படித்தான் ஆகும், லேஸை எவ்வளவு இறுக்கினாலும் புறங்கால்தான் வலிக்கும். ஒரு ஓடையைத் தாண்டினோம். ஷூ வாட்டர்ப்ரூஃப், அதற்கும் சேர்த்துத்தான் விலை. தண்ணீர் மேல்வழியாக உள்ளே போனது, போனது வெளியே வரவில்லை. அடுத்த நான்கு கிலோமீட்டர் காலில் ரெண்டு சொம்பு கட்டிக்கொண்டு ஓடியது மாதிரி. தண்ணீர் புகாமலிருக்க இந்த ஷூவுக்குள் ஒரு சவ்வு வைத்திருப்பார்கள். குளிர்நாட்டில் பனியில் நடக்க அது உதவலாம். நம் மழைக்குத் தண்ணீர் வந்தவழியே ஓடிவிடும் வலைத்துணிதான் தோது.

ஒன்பதாவது கிலோமீட்டரில் இடது கால் ஏதோ வழவழப்பில் போவதுபோல் இருந்தது. குனிந்து பார்க்குமுன் சோல் முன்பக்கம் மடங்கி, கால் புரண்டு விழுந்தேன். விறகு தூக்கி வந்த ஒரு அக்கா சுமையை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார். "ஏன் தங்கச்சி, செருப்பு வாயப் பொளந்துடுச்சே" என்று சொல்லி, விறகு கட்டியிருந்த நைலான் கயிற்றில் ஒரு முழம் அறுத்து ஷூவோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அவர் காலில் ரப்பர் செருப்பு. அதோடு அந்த இறக்கத்தில் எனக்கு முன்னால் நடந்து ரோடு வரை கொண்டுவந்து விட்டார்.

எலும்பு தப்பியது. தசைநார் இழுபட்டிருக்கிறது, மூன்று வாரம் பட்டை போட வேண்டும் என்றார் டாக்டர்.

மறுநாள் கடைக்குப் போகுமுன் என் தம்பி ஷூவை உக்கடத்தில் தனக்குத் தெரிந்த செருப்புத் தைக்கும் அண்ணனிடம் எடுத்துப் போனான். நான் வண்டியிலேயே இருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக்கூடப் போடவில்லை. பிரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார், மஞ்சளாகப் பொடி உதிர்ந்தது. "சொல்யூஷன் செத்துப்போச்சு தம்பி. இது அஞ்சாறு வருஷம் கிடந்த சரக்கு." பிறகு இரண்டு ஷூவையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இடது ஷூவின் நீலம் ஒரு மாற்று வெளுத்திருந்தது. "இது ஷோகேஸ்ல லைட்டுக்குக் கீழ நின்னது, அது பெட்டியில தூங்குனது. ஜோடி சேத்துட்டாங்க." ஷூவில் பயன்படும் பாலியூரித்தேன் பசையும் நுரையும் ஈரக்காற்றில் வருடக்கணக்கில் கிடந்தால் இப்படி உதிரும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காலில் போடாவிட்டாலும் உதிரும். புது ஷூ என்று நாம் நினைப்பது கடைக்குத்தான் பழசு.

வீட்டுக்கு வந்து ஸ்டிக்கரைச் சுரண்டினேன். மேலே 12,999 ரூபாய், 03/2024. கீழே அச்சு அப்படியே இருந்தது: 9,999 ரூபாய், 07/2019. எனக்குக் கிடைத்த 35 சதவீதத் தள்ளுபடி உண்மையில் 1,550 ரூபாய்.

கடை முதலாளி ஷூவைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினார். "பாருங்க மேடம், எவ்ளோ கீறல். கல்லு முள்ளுல ஓடியிருக்கீங்க. இது மிஸ்யூஸ், வாரண்டி வராது."

"டிரெயில் ஷூன்னு சொல்லித்தானேங்க வித்தீங்க?"

"டிரெயில்னா மேடம், பார்க்ல மண்பாதை இருக்குல்ல, அந்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நிற்க முடியாத வலியிலும். ஸ்டிக்கரைக் காட்டியதும் குரல் இறங்கியது. கம்பெனியிலிருந்தே அப்படி வந்தது, எங்களுக்குத் தெரியாது என்றார். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற முத்திரையைக் காட்டினார்.

அந்த முத்திரைக்குப் பயப்படாதீர்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. நான் போனது 23-ஆம் நாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்தேன். அவர்கள் கடைக்கு எழுதுவார்கள், கட்டாயப்படுத்த முடியாது. கடை 4,000 ரூபாய்க்குக் கிரெடிட் நோட்டு தருவதாகப் பதில் சொன்னது, அதே கடையில் வாங்கிக்கொள்ளவாம். மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் மனுப் போட்டேன். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அச்சிட்ட விலையை மறைத்து ஒட்டியது தனிக் குற்றம். தமிழ்நாட்டில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு, அங்கும் ஸ்டிக்கரின் படத்தோடு ஒரு மனு. பில், பெட்டி, ஸ்டிக்கர், இன்சோல் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

இப்போது கடைக்குள் போனால் நான் செய்வதைச் சொல்கிறேன். சாயங்காலம் போகிறேன், அதற்குள் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மூன்று மணி நேரம் ஓடினாலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் அதே சாக்ஸ். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பார்க்கிறேன், ஏறி அல்ல. குதிகாலைச் சுற்றிப் பிடிக்கும் பின்பக்கக் கோப்பையை விரலால் அழுத்தினால் நசுங்கக் கூடாது. ஷூவின் இரு முனையையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்குவேன். நடுப்பகுதி கந்தல்போல் சுருண்டால் வேண்டாம், மலைக்கு வேண்டிய சப்போர்ட் இந்த விறைப்பில்தான் இருக்கிறது. டயருக்குப் பட்டன் என்போமே, அதுபோல் சோலின் பல் 4, 5 மில்லிமீட்டராவது இருந்தால் சேற்றில் பிடிக்கும். ஆனால் ஈரப்பாறையில் பிடிப்பது பல் இல்லை, ரப்பரின் மென்மை. மென்மையான ரப்பர் தார் ரோட்டில் சீக்கிரம் தேயும், அதனால் அதை ரேஸ்கோர்ஸுக்குப் போட்டுப் போகாதீர்கள். மெத்தையை நம்பி மிக உயரமான ஷூவும் எடுக்க வேண்டாம், உயரம் கூடக்கூடக் கால் புரளும். இதையெல்லாம் பார்க்குமுன் நாக்குப் பட்டையின் உள்ளே இருக்கும் லேபிளைப் புரட்டி, தேதி போட்டிருந்தால் பெட்டியோடு ஒத்துப் பார்க்கிறேன். இரண்டு ஷூவையும் வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போகிறேன். விற்பனைப் பையன்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

குழுவில் இந்தக் கதையைச் சொன்ன அன்றே ஒருவர் அதே சேலில் வாங்கிய தன் பெட்டியைச் சுரண்டிப் படம் அனுப்பினார். அடியில் 2019. அவருடைய சோல் இன்னும் பிரியவில்லை. வரும் ஞாயிறு கோத்தகிரி போவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார். அந்த ஷூவை மட்டும் போட்டுக்கிட்டுப் போகாதீங்கண்ணா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன், "பாத்துக்கலாம்மா" என்கிறார்.