லொறிக் கொம்பியூட்டரில் கை வைக்க விடமுன் இதை ஒருக்கா வாசியுங்கள்

கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்புப் பக்கம் லொறி வைத்திருப்பவர்களுக்குத்தான் இது. "எஞ்சினை டியூன் பண்ணித் தாறன், இழுவை கூடும், டீசல் மிச்சம்" என்று லப்டொப்போடு வீடு தேடி வந்த ஒருவரிடம் 45,000 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

என்னுடையது கொமன் ரெயில் எஞ்சின் (டீசல் அடிப்பதைக் கொம்பியூட்டர் பார்க்கிற எஞ்சின்) போட்ட இசுசு எல்ஃப், நெல்லும் கிரவலும் ஏற்றுவது. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சொக்கெட்டில் வயரைக் கொழுவினார். "கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற பழைய ஃபைலை முதல் எடுத்து வச்சிட்டுத்தானே தம்பி எழுதுவீங்கள்?" என்று கேட்டேன். "அதெல்லாம் எடுத்தாச்சு அண்ணை" என்றார். எடுக்கவேயில்லை. சாவி "ஒன்" நிலையில் கிடக்க, கபின் ஃபானும் ஓட, சார்ஜர் எதுவும் பூட்டாமல் எழுதத் தொடங்கினார். எழுதும்போது பற்றரி இறங்கினால் ஃபைல் பாதியில் நின்றுவிடும், கொம்பியூட்டர் செத்த மாதிரித்தான். 40 வீதத்தில் நின்றது. ஸ்டார்ட்டும் இல்லை, டாஷ்போர்ட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை.

கொம்பியூட்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனவர் இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார். ஸ்டார்ட் ஆனது, நானும் நம்பிக் காசைக் கொடுத்தேன். ஒட்டுசுட்டான் தாண்டமுன்னமே எஞ்சின் நடுங்கி, கறுப்புப் புகை தள்ளி, அக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் ஏறாமல் நின்றது. இந்தப் புகையோடு புகைப் பரிசோதனைக்குப் போகவும் ஏலாது, அது இல்லாமல் வருட லைசென்ஸ் எடுக்கவும் ஏலாது.

வவுனியாவில் ஒரு மெக்கானிக் பாஸ் ஸ்கேன் போட்டுப் பார்த்தார். எஞ்சினுக்குள் டீசல் அடிக்கிற இன்ஜெக்டர் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீளக் கோட் அடித்திருக்கும், அதே கோட் கொம்பியூட்டருக்குள்ளும் இருக்கவேணும், அப்போதுதான் எதற்கு எவ்வளவு டீசல் அடிப்பது என்று அதற்குத் தெரியும். அவர் டோர்ச் அடித்து, தூசு துடைத்து, ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க நான் திரையைப் பார்த்தேன். நாலில் ஒன்றும் பொருந்தவில்லை. என்னுடைய ஃபைல் கையில் இல்லாததால் வேறு யாருடையதோ ஒரு லொறியின் ஃபைலை முழுசாக ஏற்றியிருக்கிறார் அந்த லப்டொப்காரர்!

கோட்களைத் திரும்ப அடித்த பிறகு நடுக்கம் குறைந்தது, புகை நிற்கவில்லை, ஏனென்றால் மாப் (எப்போது எவ்வளவு டீசல் அடிப்பது என்ற கணக்கு) இன்னும் அந்த லொறியுடையதுதான். யாரிடமாவது கொடுப்பதென்றால், எழுதமுன் வாசித்த ஃபைலை உங்கள் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் சாவியைக் கொடுக்காதீர்கள்.

லப்டொப்காரருக்குப் போன் அடித்துச் சொன்னேன். "உங்கட டீசல் சரியில்லை அண்ணை" என்றார். இப்போது போன் எடுப்பதில்லை.