கீப்அலைவ்: 15 நொடியிலிருந்து 5 நொடிக்கு

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு மொத்த பனியன் கடையின் இணையதளத்தைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். 2 ஜிபி நினைவகமுள்ள வாடகை சர்வர், பக்கங்களை அனுப்பித் தரும் மென்பொருள் அப்பாச்சி 2.4, அவற்றை உருவாக்குவது பிஎச்பி. ரகவாரியாகப் படங்கள் குவிந்த பக்கங்கள். தீபாவளிக் கொள்முதல் தொடங்கினால் பக்கம் வெள்ளையாக நின்று சுற்றும். வேடிக்கை என்னவென்றால், அப்போதும் சிபியு சும்மாதான் இருக்கும்.

காட்டிக்கொடுத்தது அப்பாச்சியின் சர்வர் ஸ்டேட்டஸ் பக்கம். அதில், கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒவ்வொரு வொர்க்கருக்கும் ஓர் எழுத்து. பதில் அனுப்புவதைக் குறிக்கும் ‘டபிள்யூ’ அங்கொன்றும் இங்கொன்றும். மற்ற இடமெல்லாம் வரிசையாகக் ‘கே’. வேலை முடிந்தும், அதே பிரவுசர் இன்னும் ஏதாவது கேட்குமோ என்று காத்திருப்பவை அவை. இப்படி இணைப்பை மூடாமல் வைத்திருப்பதுதான் கீப்அலைவ். எச்டிடிபி 1.1இல் குரோம் ஒரே தளத்துக்கு ஆறு இணைப்புகள் வரை திறக்கும். அப்போது ஓடிய ப்ரீஃபோர்க் முறையில் இணைப்புக்கு ஒரு ப்ராசஸ், அதாவது ஒரு வொர்க்கர். ஒரே ஆள் பஸ்ஸில் ஆறு சீட்டுக்குத் துண்டு போட்ட கதைதான். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதுதான் கீப்அலைவ் டைம்அவுட். பழைய கான்ஃபிக் கோப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தது 15 நொடி, 2.4இன் இயல்பு மதிப்போ 5.

கீப்அலைவை அடியோடு அணைத்துவிடு என்று சொல்பவர்கள் உண்டு. அணைத்தும் பார்த்தேன். பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும் டிஎல்எஸ் கைகுலுக்கல் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக நடக்கிறது. தாராபுரம் பக்கம் மொபைல் சிக்னலில் படங்கள் சொட்டுச் சொட்டாக வந்தன. வொர்க்கர் உச்சவரம்பான 256ஐ அப்படியே விடுவதும் ஆபத்து. ப்ராசஸ் ஒன்று 40 எம்பி தின்றால் 10 ஜிபி வேண்டும். 30 ஆகக் குறைத்து, டைம்அவுட்டை 5 ஆக்கியதும் அந்தச் சீசன் தப்பியது.

பிறகு அப்பாச்சியின் ஈவென்ட் முறைக்கும், பிஎச்பியைத் தனியாக ஓட்டும் பிஎச்பி எஃப்பிஎம்முக்கும் மாறினேன். முன்பே மாறியிருக்கத் தகுந்தது. காத்திருக்கும் இணைப்புகளைக் கேட்பான் இழையே (லிஸனர் த்ரெட்) வைத்துக்கொள்கிறது, வொர்க்கர் விடுபடுகிறது. ஒரே இணைப்பில் பல கோரிக்கைகளைச் சேர்த்து அனுப்பும், ப்ரீஃபோர்க்கில் ஓடாத எச்டிடிபி 2உம் கிடைத்தது.

அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு சர்வர் மென்பொருளை வைத்தபோது வேறு தொல்லை: ஆர்டர் படிவம் அனுப்பினால் எப்போதாவது 502 பிழை, அதாவது பின்னாலிருக்கும் சர்வரிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்று. என்ஜின்எக்ஸ் அப்பாச்சியுடனான பின்புற இணைப்பை 60 நொடி வைத்திருக்கும். அப்பாச்சி 5 நொடியில் மூடிவிடும். மூடும் அதே கணத்தில் படிவம் போனால் தொலைந்தது. ஆர்டர் இரட்டிப்பாகிவிடக் கூடாதென்று என்ஜின்எக்ஸும் அதை மறுபடி அனுப்பாது. அப்பாச்சியை 75 நொடிக்கு உயர்த்தினேன். ஈவென்டில் காத்திருப்பதற்குச் செலவு குறைவு என்பதால் அது உறுத்தவில்லை, 502உம் நின்றது. இப்போது வரும் புகார்கள், கடைப் பையன்கள் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றும் பெரிய படங்களைப் பற்றியவை மட்டுமே.