ஆபீசர்ஸ் லைன் ஜெராக்ஸ் கடையும் விக்டோரியா கால நாடகப் பிரதிகளும்

வேலூர் ஆபீசர்ஸ் லைனிலிருந்து பிரியும் சந்தொன்றில் உள்ள இந்த ஜெராக்ஸ், பைண்டிங் கடையில் கல்லூரி மாணவர்களும் மருத்துவமனைக் கோப்புகளோடு நிற்கும் வெளியூர்க்காரர்களும்தான் அதிகம். விக்டோரியா காலம் தொட்டு இன்றுவரையிலான ஆங்கில நாடக அரங்கை ஆய்வு செய்துவரும் எனக்கு இக்கடை உதவும் விதம் வேறு என்பதால், இத்துறையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

லண்டனில் ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் அரங்குகள் வசன நாடகத்தில் அனுபவித்துவந்த தனியுரிமையை 1843ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அந்த நூற்றாண்டில் பெருகிய மலிவு நாடகப் பதிப்புகளுள் லேசி வெளியிட்டவையும், ஒரு பென்னிக்கு விற்ற டிக்ஸ் பதிப்புகளும் ஸ்கேன் வடிவில் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. அச்செடுக்கும்போதுதான் சிக்கல். டிக்ஸ் பதிப்புகள் பொடி எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு நெடும்பத்திகளாக இருக்கும். லேசி பதிப்புகளிலோ, பாத்திரம் எந்தப் பக்கமாக வெளியேறுகிறது என்பதைக் காட்டும் ஒற்றை எழுத்து பெரும்பாலும் வரியின் வலக்கோடியில் நிற்கும். பார்வையாளரை நோக்கி நிற்கும் நடிகருக்கு எது வலம், எது இடம் என்பதே அங்கே கணக்கு. அந்த எழுத்து வெட்டுப்பட்டால் மேடையில் யார் எங்கே நின்றார் என்று ஊகிக்கவே முடியாது. முன்பு வேறொரு கடையில் பைண்டிங் முடித்து ஓரம் வெட்டியதில், பழைய ப்ராம்ப்டர் (மேடையோரம் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுப்பவர்) ஒருவர் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகளில் பாதி போயே போய்விட்டன.

இங்கே கடைக்காரர் முதலில் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக் கையில் கொடுத்து, "சார், ஓரத்துல கையெழுத்து இருக்கே, அதுவும் வேணுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றதும் பக்கத்தைச் சற்றுச் சுருக்கி, தையல் பக்கம் கூடுதலாக இடம் விட்டு, ஓரம் வெட்டாமலேயே நூலால் தைத்துக் கொடுத்தார். செய்யாறு பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவராம். அதனால்தானோ என்னவோ, யார் எந்தப் பக்கமாக நுழைகிறார் என்பது ஏன் முக்கியம் என்று அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழுப்பேறிய தாளின் நிழலை வெளுப்பாக்கித் தருவதாகவும் சொல்வார். அதில் பென்சில் கோடுகளும் மங்கிவிடும் என்பதால் மறுத்துவிடுங்கள்.

நவீன நாடகத்துக்கு இக்கடையை நம்ப முடியாது. அது கடையின் குறையும் அன்று. 1950இல் மறைந்த பெர்னார்ட் ஷாவின் நாடகங்களுக்கு இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை 2010உடன் முடிந்துவிட்டதால் அவற்றை அச்செடுக்கலாம். 1956இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கையே உலுக்கிய நாடகாசிரியர் ஜான் ஆஸ்பர்ன் இறந்ததோ 1994இல்; அவருடைய நாடகங்களுக்குப் பதிப்புரிமை இன்னும் முடியவில்லை. அவர் நூலை முழுதாக நகலெடுக்க மாட்டேன் என்று கடைக்காரர் சொன்னது சரியே.

குறை என்றால், மாணவர்கள் ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் மாதங்களில் சொன்ன நாளில் வேலை முடிவதில்லை. முதுகுப்பகுதியில் பொன்னெழுத்து பதிப்பது வெளியே கொடுத்துச் செய்யும் வேலையாதலால் அதில் பிழைகளும் வருகின்றன. விக்டோரியா கால நாடகாசிரியர் டயன் பூசிகோவின் பெயர் இரண்டு தொகுதிகளில் இரண்டு விதமாக இருக்கிறது. பெயரைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. அதே காலத்தவரான டி.டபிள்யூ. ராபர்ட்சனின் மீதமுள்ள நாடகங்களையும் இங்கேதான் கொடுக்கப்போகிறேன், ஜூன் பிறந்த பிறகு.