எரிக் ரிப்பேர், டொமினிக் கிரென்: கடல் கடந்த இரு சமையல் வாழ்க்கைகள்

இருவரும் பிரெஞ்சுக்காரர்கள். உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் கையேட்டின் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரத்தை அமெரிக்காவில் பெற்றவர்கள். போன வழிதான் வேறு.

ரிப்பேர் பாரிஸில் புகழ்பெற்ற சமையல்காரர் ஜோயல் ரோபுஷோனிடம் தொழில் பழகியவர். 1989இல் வாஷிங்டன், 1991இல் நியூயார்க்கின் ல பெர்னார்தன் உணவகம். 1994இல் அதன் தலைமைச் சமையல்காரர் ஜில்பேர் லெ கோஸ் திடீரென இறந்துபோக, 29 வயதில் அடுப்படிப் பொறுப்பு முழுக்க இவர் தலையில் விழுந்தது. அங்கே மீன்தான் எல்லாம். காகிதம்போல் தட்டிய சூரை மீனை, ஃபுவா க்ரா (கொழுத்த வாத்தின் ஈரல்) தடவிய ரொட்டித் துண்டின்மேல் போர்த்தித் தருகிறார்கள்.

கிரென் சமையல் பள்ளியில் படிக்காதவர். சான் பிரான்சிஸ்கோவில் கற்றார். 1997இல் ஜகார்த்தாவில் ஒரு ஹோட்டல் சமையலறைக்குத் தலைமையேற்றார். அடுத்த ஆண்டே கலவரம் வெடிக்க, அமெரிக்காவுக்குத் திரும்பினார். சொந்த உணவகமான அதெலியே கிரென் திறந்தது 2011இல்தான். அங்கே மெனுவே ஒரு கவிதை, வரிக்கு ஒரு பதார்த்தம். 2018இல் மூன்றாவது நட்சத்திரம். அமெரிக்காவில் அதைப் பெற்ற முதல் பெண் இவர்.

சரி, யார் வழி மேல்? பெயரெடுத்த உணவகத்தில் நுழைந்தால் வாடிக்கையாளர் கூட்டம் தயாராக இருக்கும், ஆனால் அதன் பாணிக்குள் நிற்க வேண்டும். கிரென் வழியில் காத்திருப்பு அதிகம். ஆனாலும் தட்டில் தன் சொந்தக் கதையைச் சொல்ல விரும்புகிறவருக்கு அதைத்தான் சொல்வேன்.